முத்துப்பாரும் திருக்கையும்

மன்னார்க் குடாக்கடலின் முத்துக்குளிப்பு வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதனை அரசிறையின் வரலாறாகவே எழுதிச் சென்றனர். எந்த ஆண்டில் எத்தனை தோணிகள் கடல் மேற் சென்றன, எவ்வளவு சிப்பி எடுக்கப்பட்டது, அரசாங்கத்துக்குக் கிடைத்த வருவாய் யாது என்னும் கணக்குகள் நுணுக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆயினும், அவ்வேடுகளைப் புரட்டிப் பார்ப்போரின் கருத்தை ஈர்ப்பவை வருவாய் குறிக்கப்பட்ட ஆண்டுகளினும் வெறுமையாய்க் கிடக்கும் ஆண்டுகளே எனலாம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1732ஆம் ஆண்டு தொடங்கி 1746 வரையும், பின்னர் 1768 தொடங்கி 1796 வரையும் குளிப்பு நிகழவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1837 தொடங்கி 1854 வரையும், 1892 தொடங்கி 1902 வரையும் முத்துப்பார்கள் வறிதே கிடந்தன. கோடிக்கணக்கிற் செறிந்து கிடந்த சிப்பிகள் எங்குச் சென்று மறைந்தன?

இவ்வினாவுக்கு விடை தேடியோர் பலரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். கடல் நீரோட்டம், மணற்புயல், மிதமிஞ்சிய குளிப்பு, சிப்பியைத் துளைக்கும் உயிர்கள் ஆகியவற்றோடு ஒரு மீனும் அக்கூண்டில் நின்றது. அதுவே திருக்கை. அதன்மேற் சாட்டப்பட்ட குற்றம் யாது, அதற்குக் காட்டப்பட்ட சான்று எத்தகையது, காலந்தோறும் தீர்ப்பு எவ்வாறு மாறிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு மீனைப் பற்றிய சிறு விசாரணையாக இது தோன்றினும், இயற்கையின் கணக்கை மனிதன் எவ்வாறு பிழைபடப் படிக்கிறான் என்பதை இது நன்கு விளக்குமென நம்புகிறோம்.

திருக்கையின் இயல்பு

யாழ்ப்பாணத்துக் கரையோரங்களில் வாழ்வோர்க்குத் திருக்கையை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. புள்ளித் திருக்கை, வௌவால் திருக்கை, யானைத் திருக்கை எனப் பல பெயர்களால் நம் மீனவர் அதன் வகைகளைப் பிரித்தறிவர். கறியாகவும் வறையாகவும் கருவாடாகவும் அது சந்தைக்கு வருகிறது. எனினும், நாள்தோறும் காணும் பொருளின் இயல்பை நாம் நின்று நோக்குவது அரிதாதலின், இங்கு அதனைச் சுருக்கமாகக் கூறுதல் பொருத்தமாகும்.

திருக்கை சுறாவுக்கு உறவினன். இரண்டுக்கும் உடலில் உண்மையான எலும்பு இல்லை. குருத்தெலும்பினாலேயே அவற்றின் சட்டகம் அமைந்துள்ளது. சுறாவின் உடல் நீரைக் கிழித்துச் செல்லும் வடிவினது. திருக்கையின் உடலோ கடலடித் தரையோடு ஒட்டிக் கிடப்பதற்கேற்பத் தட்டையாய் அகன்றது. நெஞ்சுப்புறச் செட்டைகள் தலையின் இரு மருங்கிலும் ஒன்றி வளர்ந்து பெரிய தாம்பாளம் போன்ற உருவத்தை அளிக்கின்றன. கண்கள் மேற்புறத்தும், வாயும் செவுட்பிளவுகளும் கீழ்ப்புறத்தும் உள்ளன. எனவே தன் வாயிற் புகும் இரையைத் திருக்கை கண்ணாற் காண்பதில்லை. இக்குறையை ஈடு செய்ய, உயிர்களின் உடலில் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் உணரவல்ல புலன்துளைகள் அதன் முகத்தின் அடியிற் பரவியுள்ளன. மணலுட் புதைந்து கிடக்கும் சிப்பியையும் நண்டையும் அது இவ்வாறே கண்டறிகிறது. மணலிற் புதைந்திருக்கும்போது வாயால் நீரை இழுப்பின் மணலும் உட்புகுமாதலின், கண்ணுக்குப் பின்னேயுள்ள இரு துளைகளின் வழியாக நீரை ஏற்றுச் சுவாசிக்கிறது.

இரை தேடும் முறையும் வியக்கத்தக்கது. செட்டைகளை மேலுங்கீழும் அடித்தும், வாயால் நீரை மாறி மாறி உறிஞ்சியும் உமிழ்ந்தும், தரையிற் குழி பறித்து இரையை வெளிப்படுத்தும். சிப்பி தின்னும் திருக்கைகளின் பற்கள் கூரியன அல்ல. முற்றத்திற் பாவிய கற்களைப் போலத் தட்டையாய் ஒன்றோடொன்று இணைந்து, மேலும் கீழும் இரு அம்மிகளாக அமைந்தவை. குருத்தெலும்பாலாகிய தாடையே எனினும், தடித்த ஓட்டையும் அது நொறுக்கவல்லது. மாட்டின் மூக்கைப் போல முன்னே பிளவுபட்ட முகமுடைய ஒரு வகை, கூட்டங் கூட்டமாய் நீந்தும் இயல்புடையது. விலங்கியலார் அதனை ரைனோப்தெரா என்னும் பெயரால் வழங்குவர். அவ்வகையைச் சேர்ந்த ஜாவாத் திருக்கையே நமது விசாரணையின் முதன்மைப் பாத்திரமாகும்.

வாலின் மேலுள்ள முள் திருக்கையின் படைக்கலம். இரு விளிம்பிலும் பின்னோக்கி வளைந்த பற்கள் உடையதாதலின், உட்புகும்போது ஏற்படும் காயத்தினும் பிடுங்கும்போது ஏற்படும் காயம் கொடிது. முள்ளின் அடிப்புறப் பள்ளங்களில் நச்சுத் திசு உண்டு. அந்நஞ்சு வெப்பத்தால் வலுக் குன்றுமாதலின், குத்துண்ட இடத்தைப் பொறுக்கக்கூடிய வெந்நீரில் வைத்தல் இன்றும் முதலுதவியாகக் கொள்ளப்படுகிறது. இப்படைக்கலம் வேட்டைக்கு உரியதன்று. மிதியுண்டபோதும் பிடியுண்டபோதும் தன்னைக் காத்துக்கொள்ளவே திருக்கை அதனை வீசுகிறது.

இவை எல்லாவற்றினும் நம் பொருளுக்கு முக்கியமான இயல்பு அதன் இனப்பெருக்கம். பெரும்பாலான மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிட, முள்வாற் திருக்கை குட்டி ஈனுகிறது. கருவிலுள்ள குட்டிக்குத் தாயின் கருப்பையிற் சுரக்கும் பால்போன்ற நீர் உணவாகிறது. அட்லாந்திக் கடலில் வாழும் மாட்டுமூக்குத் திருக்கை ஏறக்குறைய ஓராண்டு சுமந்து ஒரே குட்டியை ஈனுவதென்றும், பெண் பருவமடைய ஏழெட்டு ஆண்டுகள் செல்லுமென்றும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஒரு பசுவின் பெருக்கத்தினும் இது மந்தமானது. இவ்வுண்மையை வாசகர் நினைவிற் கொள்வாராக.

பழி சுமந்த உயிர்

திருக்கைமேற் பழி சுமத்துதல் மன்னாரில் தொடங்கியதன்று. கிரேக்கரின் பழங்கதை மரபொன்று, திரோயப் போரின் வீரனாகிய ஒதிசியசு தன் மகன் தெலெகோனசின் கையாலேயே, திருக்கை முள் பதித்த ஈட்டியால் மாண்டான் என்கிறது. உரோமாபுரி அறிஞர் பிளினி, அம்முள் மரத்தின் வேரிற் பாய்ந்தால் மரமே பட்டுவிடும் என்றும், போர்க்கவசத்தையும் ஊடுருவும் என்றும் எழுதி வைத்தார். அவருக்கு முன்னரே அரிஸ்தோத்தில் திருக்கையையும் சுறாவையும் ஒரே குழுவினவாக வகுத்து, அவற்றுட் பெரும்பாலானவை குட்டி ஈனுவதையும் சரியாகக் கூறியிருந்தார். எனினும் பிற்காலத்தவர் நினைவில் தங்கியது அரிஸ்தோத்திலின் நோக்கன்று, பிளினியின் அச்சமே.

நம் நாட்டிலும் திருக்கையின் பெயர் அன்போடு வழங்கியதில்லை. உலர்த்திய திருக்கை வால் சவுக்காகப் பயன்பட்டது. தமிழர் திருக்கை வால் என்றும் சிங்களவர் மடு வல்கய என்றும் கூறும் அக்கருவி தண்டனையின் அடையாளமாகவே மக்கள் நினைவில் நின்றது. கொடுமை செய்த கை மனிதனுடையது. பெயர் கெட்டதோ மீனுக்கு. இங்ஙனம் முன்னரே பழியேற்ற ஓர் உயிரை, சிப்பி அழிந்த காலத்தில் மற்றுமொரு குற்றத்துக்கு ஆளாக்குதல் எளிதாயிற்று.

முத்துப்பார்களின் பழமை

தேவநம்பியதீசன் முடிசூடியபோது எண்வகை முத்துக்கள் கடலினின்று கரையேறின என மகாவம்சம் கூறும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்செய்தியைப் புகழுரையாகக் கொள்ளினும், ஈழத்து முத்தின் பழமைக்கு அது சான்றாகும். மறு கரையிற் கொற்கை முத்து பாண்டியர்க்குப் பெரும்புகழ் ஈட்டியது. 1344ஆம் ஆண்டில் ஈழத்துக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, யாழ்ப்பாண அரசனாகிய ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளக் கரையிற் கண்டபோது, அரசன் முன்னே முத்துக்கள் குவிந்து கிடந்ததைக் குறித்துள்ளார். நம் அரசின் செல்வத்துக்கும் மன்னார்க் கடலுக்கும் இருந்த தொடர்பை இதனினும் தெளிவாகக் கூறும் அயலார் குறிப்பு அரிது.

அக்காலத்தில் மீனைப் பற்றிய அச்சம் வேறு வகையினது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பெரிய மீன்கள் குளிப்போரைத் தீண்டாதபடி மந்திரத்தாற் கட்டும் பிராமணர் இருந்தனரென்றும், அவர்க்கு இருபதில் ஒரு பங்கு கூலியாக அளிக்கப்பட்டதென்றும், இரவில் எவரும் களவாகக் குளிக்காதிருக்கும் பொருட்டு அம்மந்திரம் மாலையில் அவிழ்க்கப்பட்டதென்றும் கூறுகிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் கடற்கட்டிகள் எனப்பட்டோர் சுறாவின் வாய் கட்டும் தொழிலை அரசாங்கத்தின் ஊதியத்தோடு நடத்தி வந்தனர். கடற்கட்டி கரையில் நின்று மந்திரம் ஓதாவிடின் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தனராதலின், நம்பிக்கையற்ற வெள்ளை உத்தியோகத்தரும் அவரை விலக்கத் துணியவில்லை. அந்நாள்களில் பகைவன் என்று கருதப்பட்டது ஆளைக் கடிக்கும் மீனே. சிப்பியைக் கடிக்கும் மீனை எவரும் பெரிதாகக் கருதியிலர். குளிப்பவன் உயிர் முதன்மையாயிருந்த காலம் மாறி, வருவாய்க் கணக்கு முதன்மையான பின்னரே சிப்பியின் பகைவரைத் தேடும் முயற்சி தொடங்கிற்று.

விஞ்ஞானியரின் விசாரணை

1837ஆம் ஆண்டின் பின் ஏற்பட்ட நெடிய வறுமை ஆங்கில அரசாங்கத்தை அசைத்தது. 1857இல் இலங்கையிற் பிறந்த மருத்துவரும் விலங்கியலாருமான எட்வேட் பிரெடரிக் கெலாட் என்பவர் முத்துச்சிப்பியின் இயல்பை ஆராயும் பணியில் அமர்த்தப்பட்டார். சிப்பி தன்னைப் பாறையோடு பிணைக்கும் நார்களை அறுத்துக்கொண்டு வேறிடஞ் சென்று மீண்டும் பிணைத்துக்கொள்ள வல்லது என்பதை அவர் கண்டு கூறினார். அதனினும் முக்கியமானது மற்றொரு குறிப்பு. சிப்பியின் உடலில் வாழும் நுண்புழுக்களுக்கும் முத்துத் தோன்றுதற்கும் தொடர்பு உண்டு என அவர் ஐயுற்றார். 1852இல் இத்தாலிய அறிஞர் பிலிப்பி நன்னீர் மட்டிகளிற் கண்ட உண்மையோடு இது ஒத்திருந்தது. புழுக்களை வேறு பார்களிற் பரப்பினால் முத்து மிகுமோ என்றும் கெலாட் எண்ணினார். ஆராய்ச்சி நிறைவெய்து முன்னரே, 1860இல், கடற்பயணத்தில் அவர் காலமானார். அவர் கருத்தும் ஏறக்குறைய நாற்பதாண்டு உறங்கிக் கிடந்தது.

1891ஆம் ஆண்டுக் குளிப்பின் பின்னர் மீண்டும் பதினோராண்டு வறுமை. இம்முறை குடியேற்ற நாட்டு அலுவலகம் இலிவர்ப்பூல் நகரத்து விலங்கியற் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அனுப்பியது. 1902 சனவரியில் இலங்கை வந்த அவர் சில மாதங்களில் முத்துப்பார்களைச் சுற்றிப் பார்வையிட்டுத் திரும்பினார். உடன்வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கே தங்கிக் காலியில் அமைந்த ஆய்வுகூடத்திலும் கடலிலும் பணியைத் தொடர்ந்தார். அவர்களது அறிக்கை 1903 தொடங்கி 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் றோயல் சங்கத்தால் வெளியிடப்பட்டது. நம் கடலுயிர்களைப் பற்றி அதுவரை எழுந்த நூல்களுள் அதற்கு இணையில்லை எனலாம்.

அவ்வறிக்கை சிப்பியின் பகைவரை வரிசைப்படுத்துகிறது. ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சு, துளைக்கும் சங்கினங்கள், விண்மீன் என நாம் கூறும் உடுமீன், கிளாத்தி மீன், இறுதியாகத் திருக்கை. கிளாத்தியும் திருக்கையும் இளஞ்சிப்பிகளை ஓட்டோடு நொறுக்கி உண்பனவாதலின், குற்றச்சாட்டு அடிப்படையற்றதன்று. அம்மி போன்ற பற்களை முன்னர்க் கூறினோம். அவை இத்தொழிலுக்கெனவே அமைந்தவை. கூட்டமாக வரும் திருக்கைகள் ஒரு பாரில் இறங்கின் அழிவு சிறிதாயிராது.

ஆயினும், அதே அறிக்கை வேறொரு சான்றையும் தருகிறது. 1902 மார்ச்சில் பெரிய பார் எனப்படும் மேட்டில் இளஞ்சிப்பிகள் எண்ணிக்கையிலடங்காது செறிந்து கிடந்ததை ஹெர்ட்மன் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் ஹோர்னெல் மீண்டும் அங்குச் சென்றபோது பார் வெறுமையாயிருந்தது. இடையில் நிகழ்ந்தது யாது? சோழகக் காற்று வீசிய மாதங்கள் கடந்திருந்தன. பெரிய பார் ஆழ்கடலின் விளிம்பை அடுத்துக் கிடப்பது. சோழகத்தில் எழும் நீரோட்டமும் அலைத்தாக்கும் அங்கு நேரே மோதுகின்றன. அத்தனை சிப்பியையும் வாரிச் சென்றது கடலே என்பதே ஆய்வாளர் முடிவு. அப்பாரின் இளஞ்சிப்பிகளை அள்ளிக் காவலான பார்களில் இடவேண்டும் என்பது ஹெர்ட்மனின் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்றாயிற்று. திருக்கையைக் கொன்றொழிப்பதால் பெரிய பார் காக்கப்படமாட்டாது என்பதை இச்சான்று ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது.

பகைவன் பங்காளியான கதை

விசாரணை இத்தோடு முடிந்திருந்தால் திருக்கை ஒரு சிறு குற்றவாளியாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் ஹெர்ட்மனும் ஹோர்னெலும் கெலாட்டின் பழைய ஐயத்தை மீண்டும் கையிலெடுத்தனர். மன்னார்ச் சிப்பியின் தசையில் நாடாப்புழுவின் முட்டைப்பருவத்தை அடுத்த இளம் உருவங்கள் மிகுதியாக உறைந்து கிடப்பதை அவர்கள் கண்டனர். இவ்விளம்புழு இறந்தபோது அதனைச் சூழச் சிப்பி முத்துப்பொருளைச் சுரக்கிறது என்றும், நல்லுருண்டை முத்துக்கள் பல இவ்வாறே தோன்றுகின்றன என்றும் முடிவு செய்தனர். சிப்லி என்னும் அறிஞரும் ஹோர்னெலும் 1904இல் அப்புழுவுக்கு இட்ட பெயரின் பிற்பகுதி ‘முத்தை ஆக்குவது’ என்னும் பொருளுடையது.

நாடாப்புழு தன் வாழ்வை ஓர் உயிரிலேயே முடிப்பதில்லை. இளம்பருவம் ஓர் உடலிலும், முதிர்ந்த பருவம் அவ்வுடலை உண்ணும் மற்றோர் உடலிலும் கழியும். எனவே சிப்பியில் உள்ள புழு எங்கே முதிர்கிறது என்னும் வினா எழுந்தது. சிப்பியைக் கிளாத்தி உண்ணும். கிளாத்தியைப் பெருந்திருக்கை உண்ணும். திருக்கையின் குடலிற் புழு முதிர்ந்து முட்டையிடும். முட்டை கடலிற் சிந்திச் சிப்பியைச் சேரும். இதுவே அவர்கள் வரைந்த வட்டம். முதிர்ந்த புழு ஜாவாத் திருக்கையின் குடலிற் கண்டெடுக்கப்பட்டதென அறிக்கை கூறிற்று.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருக்கை சிப்பியை உண்கிறது. ஆகவே அது பகைவன். ஆயின் திருக்கை இல்லையெனிற் புழு இல்லை. புழு இல்லையெனின் முத்து இல்லை. சிப்பியைக் காப்பதற்காகத் திருக்கையை ஒழித்தால், பார் நிறையச் சிப்பி கிடக்கும். சிப்பி நிறைய முத்து இராது. நேற்று வரை கூண்டில் நின்ற குற்றவாளி, இன்று வழக்காளியின் செல்வத்துக்கே முதற்காரணனாகத் தோன்றினான். பகைவரைக் களைதலில் எச்சரிக்கை வேண்டுமென்பது இவ்வாராய்ச்சியினின்று இயல்பாகப் பிறந்த படிப்பினை. இயற்கையில் ஓர் உயிரைத் தனியே பிரித்தெடுத்து நன்மை தீமை கூறுதல் இயலாது என்பதை, இக்காலத்துச் சூழலியல் ஒரு துறையாக வளருமுன்னரே மன்னார்க் கடல் கற்பித்தது.

1905ஆம் ஆண்டும் அதன் பின்னும்

1903இல் குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905ஆம் ஆண்டுக் குளிப்போ நம் நாட்டு வரலாற்றிற் பெரியவற்றுள் ஒன்று. மரிச்சுக்கட்டியின் மணற்பரப்பிற் கிடுகாலும் கம்பாலும் ஒரு பட்டினம் எழுந்தது. 318 தோணிகளும் 4,991 குளியாட்களும் அதில் ஈடுபட்டனர். ஏறக்குறைய 8 கோடி 15 இலட்சம் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளித்தோர்க்கும் உரியது. அரசாங்கப் பங்கு ஏலத்தில் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் விலைபோயிற்று. தமிழரும் அராபியரும் மூச்சடக்கிக் கல்லோடு இறங்கிக் கைகளால் அள்ளிய சிப்பிகள் இவை.

இவ்வெற்றியைக் கண்டு மயங்கிய முதலாளிகள் இலண்டனில் ஒரு கும்பனி அமைத்து, 1906ஆம் ஆண்டு தொடக்கம் 20 ஆண்டுக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். ஆண்டுக் குத்தகை 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. 1906, 1907 ஆகிய இரண்டு ஆண்டுகளிற் குளிப்பு நடந்தது. அதன் பின் பார்கள் மீண்டும் வறண்டன, கும்பனி நொடித்துப்போயிற்று. அடுத்த குளிப்பைக் காண 1925ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வழிவுக்குத் திருக்கை காரணமா? 1903 தொடக்கம் ஐந்தாண்டு தொடர்ந்து பார்கள் வாரப்பட்டன என்பதை எண்ணுக. சிப்பி குளிப்புக்கேற்ற பருவம் எய்த நான்கு ஐந்து ஆண்டுகள் வேண்டும். ஓராண்டில் எட்டுக் கோடிக்கு மேல் வாரிய கைகள் மனிதருடையவை. எஞ்சியவற்றின்மேற் சோழகமும் மணலும் தம் தொழிலைச் செய்தன. பண்டைக் காலந்தொட்டுத் திருக்கை அக்கடலில் வாழ்ந்தே வந்தது. மகாவம்சம் கூறும் முத்தும், இபின் பதூதா கண்ட முத்தும், திருக்கை மேய்ந்த பார்களிலேயே விளைந்தன. என்றும் உள்ள ஒன்று என்றோ நிகழும் அழிவுக்குத் தனிக்காரணம் ஆகாதென்பது தருக்க நூலின் எளிய விதி.

மறுவிசாரணை

ஹெர்ட்மன் குழுவினரின் முத்துக் கொள்கையும் கேள்வியின்றி நிலைக்கவில்லை. 1912இல் இலிஸ்டர் ஜேம்சன் என்னும் விலங்கியலார் இலங்கை முத்துக்களை அரிந்து ஆராய்ந்து, அவற்றின் நடுவே நாடாப்புழு இருத்தல் அரிது என்று காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் யப்பானில் மிசே, நிஷிகாவா என்போர், சிப்பியின் போர்வைத் தோலிலிருந்து பெயர்ந்த உயிரணுக்கள் தசையினுள் ஒரு பையாக வளர்ந்து முத்துப்பொருளைச் சுரக்கின்றன என்னும் உண்மையைச் செயலிற் காட்டினர். புழுவோ வேறு ஊறோ அவ்வுயிரணுக்களைப் பெயர்க்கும் காரணங்களுள் ஒன்றாகலாம்; முத்தை ஆக்குவது புழுவன்று, அப்பையே என்பது இன்றைய கொள்கை. செயற்கை முத்துக்கு வழிவகுத்து மன்னார் முத்தின் விலையை வீழ்த்தியதும் இவ்வறிவே.

சிப்பியிற் கண்ட இளம்புழுவும் முன்னர்க் கருதப்பட்ட இனத்தைச் சேர்ந்ததன்று, தைலோசெபலம் என்னும் வேறோர் இனத்தது எனப் பின்வந்தோர் கொண்டனர். ஆனால் விந்தை யாதெனில், அவ்வினப் புழுவும் திருக்கையின் குடலிலேயே முதிர்கிறது. பெயர் பிழைத்தது, இளம்புழுவே முத்தாகிறது என்னும் முடிவு பிழைத்தது, சிப்பியின் வாழ்வும் திருக்கையின் வாழ்வும் ஒரு புழுவின் நூலாற் பிணைக்கப்பட்டவை என்னும் உண்மை பிழைக்கவில்லை. ஆகவே திருக்கையை முத்தின் தாய் எனப் போற்றுதலும் மிகை. பாரின் பகைவன் எனத் தூற்றுதலும் மிகை. அது தன் கடலில் தன் உணவை உண்டு வாழும் ஓர் உயிர்.

செசபீக் விரிகுடாவில் மற்றொரு வழக்கு

மன்னாரில் நடந்தது ஓர் ஊரின் பழங்கதை என்று ஒதுக்குவோர்க்கு, அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் காட்டுதல் தகும். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில், 1608இல், ஜோன் ஸ்மித் என்னும் ஆங்கிலத் தலைவன் திருக்கையாற் குத்துண்டு, உயிர் தப்பான் எனத் தோழர் புதைகுழியும் தோண்டினர். மருத்துவரின் தைலத்தால் தேறிய அவன், அன்று இரவே அம்மீனைச் சமைத்து உண்டான். அவ்விடம் இன்றும் திருக்கை முனை என்னும் பெயரையே தாங்குகிறது.

2007ஆம் ஆண்டில் ஆய்விதழொன்றில் வெளிவந்த ஒரு கட்டுரை, பெருஞ்சுறாக்கள் குறைந்தமையால் மாட்டுமூக்குத் திருக்கைகள் பெருகின என்றும், அவை அப்பகுதியின் சிப்பித் தொழிலை அழித்தன என்றும் கூறிற்று. திருக்கையை உண்டு விரிகுடாவைக் காப்போம் என்னும் பிரசாரம் எழுந்தது. அம்பெய்து திருக்கை கொல்லும் போட்டிகளும் நடைபெற்றன. 2016இல் டீன் கிரப்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் அக்கணக்கை மீண்டும் சரிபார்த்தனர். ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் உயிர் அவ்வளவு விரைவிற் பெருகுதல் இயலாது என்றும், சிப்பிகளின் வீழ்ச்சியும் திருக்கைப் பெருக்கமும் காலத்தால் ஒத்துவரவில்லை என்றும் காட்டினர். 2017இல் மேரிலாந்து மாநிலம் அப்போட்டிகளைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. மன்னாரில் நூறாண்டுக்கு முன் எழுந்த வழக்கே அங்கு வேறு பெயர்களோடு மீண்டும் எழுந்தது. சான்றைச் சரிபார்க்கு முன்னரே தண்டனை தொடங்கிற்று என்பது மட்டும் வேறுபாடு.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் முடிவுகள் சிலவே. முதலாவது, முத்துப்பார்கள் வறண்டமைக்குக் கடல் நீரோட்டமும், பருவக்காற்றும், மனிதனின் அளவிறந்த ஆசையும் பெருங்காரணங்கள். திருக்கையின் பங்கு சிறிது. இரண்டாவது, வருவாய்க் கணக்கு கொண்டு மட்டும் இயற்கையின் வரலாற்றை எழுதுவோர், இழப்பு நேர்ந்தபோது வாயில்லா உயிரின்மேற் பழியை ஏற்றுதல் எளிது. மூன்றாவது, விஞ்ஞானியரும் பிழைபடக்கூடும். ஆயின் சான்றை அரிந்து பார்க்கும் அடுத்தவர் அப்பிழையைத் திருத்துவர். கெலாட் ஐயுற்றார், ஹெர்ட்மன் முடிவு கூறினார், ஜேம்சன் மறுத்தார். மூவரும் சேர்ந்தே உண்மையை நமக்கு அணுக்கமாக்கினர்.

இன்று அவ்வழக்கு தலைகீழாகிவிட்டது. சுறா, திருக்கை இனங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அழிவை எதிர்நோக்குகின்றன என 2021ஆம் ஆண்டில் உலகளாவிய மதிப்பீடொன்று அறிவித்தது. அதற்குத் தலையாய காரணம் மிகை மீன்பிடியே. ஒரு குட்டியை ஓராண்டு சுமக்கும் தாயை, வலை ஒரே இரவில் கூட்டத்தோடு வாரிவிடுகிறது. நம் கடலின் வேளா மீன் இப்பொழுது காண்டற்கரியதாயிற்று. திருக்கையும் அவ்வழியிற் சென்றால், முத்தை இழந்த மன்னார்க் கடல் அதன் அயலானையும் இழந்ததாகும். ஆழக்கடலை அறியும் வாய்ப்பும் ஆய்வுக் கருவிகளும் பெற்ற இக்காலத்து மாணவர், நம் கரையில் இறங்கும் திருக்கைகளின் இனம், அளவு, பருவம், குட்டி என்பவற்றைக் குறித்து வைக்கத் தொடங்குவாராயின் அது பெரும்பணியாகும். கெலாட் தொடங்கிய ஏட்டில் எழுதப்படாத பக்கங்கள் இன்னும் பல உள.